சென் ஜோசப்பில் சொன்ன ஒரு சொல்

பச்சை மாங்காய்த் துண்டில் உப்பும் மிளகாயும் பிசைந்து, கொத்தமல்லியை விட முரட்டு வாசனையுள்ள ஓர் இலையைக் கிள்ளிப் போட்டுத் தருவார்கள். அந்தப் புளிப்பு நாக்கில் பட்டதும் கண் தானாக மூடிக்கொள்ளும், மூடிய கண்ணுக்குள் சென் ஜோசப் என்ற அந்தச் சின்ன ஊர் இன்றைக்கும் மலைச்சரிவில் வெயிலோடு மிதந்துகொண்டிருக்கும்.

எழுபதுகளின் நடுப்பகுதி, எனக்கு ஏழு வயது. சிட்னியில் அப்பா, அம்மாவை ஒரு வார்த்தை கேட்காமல் வீடு வாங்கிவிட்டார். யாழ்ப்பாணத்துக்குத் திரும்புவோம் என்று பெட்டிகளைக்கூட முழுதாக அவிழ்க்காமல் இருந்த அம்மா, என்னையும் கூட்டிக்கொண்டு, திரினிடாட்டில் வைத்தியராக இருந்த தன் தம்பியிடம் புறப்பட்டுவிட்டார். எங்கள் ஆட்கள் வாசல் தாண்டும்போது "போறன்" என்று சொல்லவே மாட்டார்கள், போய்விட்டு வருவதாகத்தான் சொல்வார்கள். "வாய்ச்சொல் பலிக்கும், போட்டு வாறன் எண்டு சொல்லு" என்று கடைக்குப் போகிற பிள்ளையையும் திருப்பிக் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்ட அம்மா விமான நிலையத்தில் அப்பாவின் முகத்துக்கு நேரே "போறன்" என்றார். இனி அப்பா இல்லையா என்று நான் அவருடைய கையை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா எங்களைத் தலைநகரிலிருந்து சென் ஜோசப்புக்குக் காரில் கூட்டிப்போனார். ஸ்பானியர் காலத்தில் அதுதான் தலைநகராம். நாங்கள் கண்டது ஒரு பழைய தேவாலயம், எழுத்துத் தேய்ந்த கல்லறைகள், நடுவீதியில் தூங்குகிற ஒரு நாய். "பெரிய உத்தியோகம் பாத்துப் பென்ஷன் எடுத்த ஊர்" என்றார் மாமா.

தேவாலயத்துக்கு எதிரே மாங்காய் விற்ற றூபி அன்ரி எங்களைக் கண்டதும் உள்ளே கூப்பிட்டுக் கதிரை போட்டார். அவருடைய முன்னோர் கரும்புத் தோட்டத்துக்கென்று சென்னையிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். அவருக்கோ தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. பின்னேரம் முழுக்க அம்மாவும் அவரும் ஆங்கிலத்தில் சமையல் கதைத்தார்கள். எழும்பும்போது அம்மா, பழக்கத்தில், தமிழிலேயே "போட்டு வாறன்" என்றார். றூபி அன்ரி அதற்கு அர்த்தம் கேட்டார். கேட்டறிந்ததும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லிவிட்டாய், இனி வந்துதானே ஆகவேண்டும்?" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார்.

காரில் மாமா மெதுவாகத் தொடங்கினார். "ஒரு பின்னேரம் பழகின மனுசிக்குச் சொல்லிப்போட்டாய் அக்கா. அத்தானுக்குத்தான் சொல்லேல்லை."

"நீ ரோட்டைப் பாத்து ஓட்டு" என்றார் அம்மா. மலை மறையும்வரை அவர் பின்கண்ணாடி வழியே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் சிட்னிக்குத் தொலைபேசி எடுத்தார். லைனில் ஒரே இரைச்சல். "வாறன்!" என்று வீடு அதிரக் கத்தினார். பிறகு, "நான் வரும்வரைக்கும் குசினிக்குப் பெயின்ற் அடிக்கக் கூடாது!"

அம்மா தெரிந்தெடுத்த மஞ்சள் நிறம் மங்கிப்போன அந்தக் குசினியில்தான் இன்று நான் அடுப்படியில் நின்று தேத்தண்ணி குடிக்கிறேன். அப்பாவும் அம்மாவும் இல்லை. சென் ஜோசப்புக்கு அம்மா திரும்பிப் போகவேயில்லை. றூபி அன்ரிக்குச் சொன்னது கடைசிவரை சொல்லாகவே நின்றுவிட்டது. அந்தச் சொல்லும் இப்போது எங்கள் வீட்டு வாசலில் கேட்பதில்லை. என் மகள் காரில் ஏறும்போது "பை மம்" என்கிறாள். அவள் சொல்லாத சொல்லுக்கு, வாசலில் நின்று நான் பதில் சொல்கிறேன்:

"ஓம் பிள்ளை, வா."