ஃப்ரீசரில் படிந்த பனி

அப்பா நெஞ்சு வலியோடு மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்த ஆடி மாதம் அது. அவர் நடந்து வீடு வந்து சேர வேண்டும் என்று அம்மா மாரியம்மனுக்கு முளைப்பாரி நேர்ந்துகொண்டாள். கையில் காப்புக் கட்டி, பயறு விதைத்த சட்டியை இருட்டறையில் வைத்தாள். விரதம் இருக்கிறவர் தவிர வேறு கண் அதன் மேல் படக் கூடாது. பயிர் வாடினால் வீட்டுக்கு ஆகாது.

மூன்றாம் நாள் நான் கதவிடுக்கு வழியே பார்த்துவிட்டேன். மறுநாள் அம்மா முகம் செத்து வெளியே வந்தாள். "நுனியெல்லாம் கருகுதே, தாயே!"

எங்களோடு இருந்த தாய்மாமன் அருப்புக்கோட்டையில் தறி ஓட்டினார். கோயில் பக்கமே போகாதவர். லைப்ரரி புத்தகம்தான் எல்லாம். அன்றைக்கு அணுவைப் பற்றி ஏதோ படித்துவிட்டுச் சொன்னார்: "நாம பாக்குற வரைக்கும் அது இங்கனயும் இருக்கும், அங்கனயும் இருக்கும்த்தா. பாத்தா மாறிப்போகும்." அப்பாவை நானே கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

பயத்தில் எல்லாரையும் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தேன். முக்கியமாக மாமாவை. எங்கள் பழைய ஃப்ரிட்ஜில் பாளம் பாளமாகக் கட்டியிருந்த பனியைத் தொடவே விடமாட்டார். "துருவத்துல இப்பிடித்தான், வருசா வருசம் விழுந்து படிஞ்சு மலையாட்டம் கெடக்கு. சுத்தி உப்புக் கடலு. அந்த ஐஸுல துளி உப்புக் கெடையாது, பாத்துக்க" என்பார். அப்படிக் காத்த பனி ஒரு நாள் பாதியாகிவிட்டது. ஃப்ரிட்ஜிலிருந்து இருட்டறை வாசல் வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். போதாததற்கு, புரோட்டா சால்னா இல்லாமல் இருக்க முடியாத மனுஷன் அந்த வாரம் முழுக்கத் தயிர்சாதம் கட்டிக்கொண்டு போனார். கேட்டால் வயிறு சரியில்லையாம்.

"மாமா, அந்த ரூமுக்குள்ள போனீகளா?"

"நீ பாத்தியா?"

"பாக்கல."

"அப்பப் போனேன்னும் சொல்ல ஏலாது, போகலன்னும் சொல்ல ஏலாது. புத்தகத்துலயே போட்டிருக்கு, போ புள்ள!"

திருடன்தான் என்று முடிவுகட்டினேன். ஆனால் சொன்னால் நான் எட்டிப் பார்த்த கதையும் வெளியே வந்துவிடுமே; அம்மாவிடம் சொல்லவில்லை.

எட்டாம் நாள் முளைப்பாரி முழங்கை உயரத்துக்கு வாடாமல் நின்றது. அம்மா அழுதுகொண்டே தலையில் சுமந்தாள். அந்த வாரமே அப்பா பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தார். "ஆத்தா கண்ணத் தொறந்துட்டா" என்றாள் அம்மா. மாமா லைப்ரரி புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

இப்போது நானே வருஷம் தவறாமல் முளைப்பாரி போடுகிறேன். எங்கள் ஊர் போர்வெல் தண்ணீரை ஊற்றினால் உப்பில் நுனி கருகும் என்று எனக்குத் தெரியும். எல்லாம் அம்மன் செயல்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த வருஷம் அம்மா முளைப்பாரியைக் கண்மாயில் கரைத்த மறுநாளே, மாமா புரோட்டாப் பொட்டலத்தோடு வந்து நின்று, "வயிறு சரியாயிருச்சு" என்று சிரித்தாரே, அப்போதும் நான் அவரைச் சந்தேகமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.