தண்ணீர் போகும் பக்கம் அம்பு

பிரியந்தினிக்குக் காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. கிளிநொச்சி மென்பொருள் நிறுவனத்தில் அவளுடைய வேலை நிரந்தரமாகுமா என்பது அன்று பின்னேரம் தெரிந்துவிடும். அவளோ உருத்திரபுரத்து வீட்டுக் குசினியில் மடிக்கணினியும் தேத்தண்ணீருமாகப் பாடிக்கொண்டிருந்தாள்.

நெல் ஆலைகளுக்கான பழைய மென்பொருள் அது. எழுதியவர்கள் எல்லாரும் வெளிநாடு போய்விட்டார்கள். அந்த மூலநிரலைத் துண்டு துண்டாகப் பகுத்து, தொடர்புகளை வலைபோலக் காட்டும் கிராஃப் தரவுத்தளம் ஒன்றில் ஏற்றியிருந்தாள். துண்டு ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. ஒன்று மற்றொன்றை வேலைக்கு அழைத்தால் இடையில் ஓர் அம்பு. வேறெந்தத் துண்டும் அழைக்காத துண்டைக் கண்டுபிடித்து நீக்கவேண்டும், அதுதான் அவளுக்கு வைத்த சோதனை.

அம்பு வந்து சேராத புள்ளிகளைக் கேட்டாள். ஒரு கூட்டமே வந்து நின்றது. துள்ளிக்குதித்து அதை மேலாளர் சுகிர்தனுக்கு அனுப்பினாள். உடனே அழைப்பு வந்தது.

"பிரியந்தினி, உதுக்குள்ள திகதி பார்க்கிற துண்டும் கிடக்கு. அதை எடுத்தா ஒரு ஆலையும் ஓடாது. அம்பை எந்தப் பக்கம் போட்டனீர்?"

"அது குடுக்குது, மற்றதுகள் வாங்குதுகள். அதில இருந்து மற்றதுகளுக்குப் போட்டனான்."

"அழைக்கிறதில இருந்தெல்லோ போடவேணும்?"

"தண்ணி குளத்தில இருந்துதானே அண்ணா வயலுக்கு வருது."

இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாய்க்கால் வந்து விழாத இடத்தைக் கேட்டால் குளத்தைத்தானே காட்டும். இருக்கிற குளமெல்லாம் மூடச் சொல்லி அனுப்பியிருக்கிறாள், மகராசி.

அம்புகளைத் திருப்பி மறுபடி ஏற்றினாள். எல்லாவற்றையும் தொடக்கிவைக்கும் முதல் துண்டை விட்டுப் பார்த்தால், அம்பே சேராமல் ஒன்றே ஒன்று மிஞ்சியது. நெல்லின் ஈரத்தைக் கணக்கிடும் துண்டு. போன மாதம் அவளே புதிதாக எழுதி, ஊரெல்லாம் சொல்லி, பாயாசமும் காய்ச்சிய துண்டு. அதை வேறெதனோடும் இணைக்க மறந்துபோயிருந்தாள்.

"ஆர் எழுதினது?" தொலைபேசியில் இன்னும் இருந்த சுகிர்தனின் கேள்வி.

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் சிரிப்புத்தான் முந்தியது. "நான்தான் அண்ணா. அழிச்சிட்டன்."

"தன்ரையைத் தானே பிடிச்சுக் குடுக்கிற ஆளை விடேலாது. வேலை நிரந்தரம், திங்கள் வாரும்."

சற்றைக்கெல்லாம் அவள் அடுப்பில் வைத்த பால் கொதித்தது. தாய் இராசேஸ்வரி எட்டிப் பார்த்தா.

"பிள்ளை, இண்டைக்கு என்னத்துக்குப் பாயாசம்?"

"அண்டைக்கு எழுதினதை அழிச்சிட்டன், அம்மா."