கேட்டுவிட்டுத் துணை நின்ற அண்ணன்

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பெறும் நீங்கள் அனைவரும் அவரை அறிவீர்கள். அவருடைய நற்குணங்களைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். தங்கை என்ற முறையில், அவர் செய்த ஒரு தவற்றையும் அதன் பிறகு அவர் நடந்துகொண்ட விதத்தையும் நான் எழுதுகிறேன். அண்ணியின் சம்மதம் பெற்றே எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது பிள்ளைப்பாக்கத்தில். எங்கள் நிலம் தொழிற்பேட்டைக்குப் போனபோது அவர் பத்தாம் வகுப்பு முடித்திருந்தார். வேன் ஓட்டினார், பிறகு கம்பெனி பஸ் ஓட்டினார். ஹாஸ்டல்களில் தங்கி வேலை பார்க்கும் பெண்களை ஷிப்டுக்கு ஏற்றிச் செல்லும் பஸ் அது. வாலாஜாபாத்தில் பெண்ணெடுத்தார். அண்ணி ஒரகடத்தில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தார்.

பெண்களுக்கு முன்னால் நிற்பது தன் கடமை என்று அண்ணன் நம்பினார். சாலையில் நடந்தால் லாரி போகும் பக்கம் அவர்தான் நடப்பார். அண்ணியின் பையைக் கேட்காமலே வாங்கிக்கொள்வார். "நான் இன்னா கைக்கொழந்தையா? குடுங்க பைய," என்று அண்ணி பிடுங்குவார். இருவரும் சிரித்துக்கொள்வார்கள்.

அவருடைய பஸ்ஸில் முத்துச்செல்வி என்ற பெண் வந்துகொண்டிருந்தார். ஊர் கோவில்பட்டிப் பக்கம். அதே கம்பெனியில் வேலை செய்த ஒருவன் அவரைத் தொடர்ந்து தொந்தரவு செய்துவந்தான். ஒரு நாள் காலை, பஸ் நிறுத்தத்தில் அவருடைய கையைப் பிடித்தான். அண்ணன் பஸ்ஸை நிறுத்தி இறங்கி, அவனை எல்லோர் முன்னிலையிலும் அடித்தார். பஸ்ஸுக்குள் கைதட்டினார்கள். யாரோ படம் பிடித்தார்கள். மாலைக்குள் அது பல கைபேசிகளுக்குப் போய்விட்டது. காதல் தகராறு என்று யாரோ எழுதி அனுப்பியிருந்தார்கள்.

இரண்டாம் நாள் முத்துச்செல்வியின் தந்தை வந்து மகளை ஊருக்கு அழைத்துக்கொண்டு கிளம்பினார். செய்தி கேட்டு அண்ணன் ஹாஸ்டல் வாசலுக்குப் போனார். அந்தப் பெண் பெட்டியோடு நின்றிருந்தார்.

"அவன் மேல கம்பெனியில புகார் எழுதிக் குடுத்திருந்தேன்ணே. அடுத்த வாரம் விசாரணை. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

அண்ணன் வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொன்னார். அன்று நானும் அங்கிருந்தேன்.

"அவன் கையப் புடிச்சா நான் பாத்துகினு இருக்கணுமா?" என்றார்.

"தடுத்தது சரி. அப்புறம் எதுக்கு அடிச்சீங்க? கைதட்டு உங்களுக்கு. வேலை போனது அந்தப் பொண்ணுக்கு," என்றார் அண்ணி.

இரண்டு நாள் கழித்து அண்ணனும் அண்ணியும் கோவில்பட்டிக்குப் புறப்பட்டார்கள். அந்தத் தந்தை அவர்களை வீட்டுக்குள் விடவில்லை. அண்ணன் தெருவிலேயே நின்று, "தப்பு என்னுது. உங்க பொண்ணு மேல ஒண்ணுமில்ல," என்றார். முத்துச்செல்வி வெளியே வந்தார்.

"நான் இன்னா பண்ணணும்? நீயே சொல்லும்மா," என்றார் அண்ணன்.

"எங்கப்பாகிட்ட எனக்காகப் பேசாதீங்க. அத நான் பாத்துக்கிடுதேன். நடந்தத நடந்தபடி எழுதி விசாரணையில குடுங்க. அடிச்சதையும் எழுதுங்க."

அண்ணன் எழுதினார். அடித்ததை எழுதினால் வேலைக்கு ஆபத்து என்று உடன் ஓட்டுபவர்கள் தடுத்தார்கள். கேட்கவில்லை. விசாரணை முடிந்து, தொந்தரவு செய்தவனை வேலையை விட்டு நீக்கினார்கள். அண்ணனைப் பஸ்ஸிலிருந்து எடுத்துச் சரக்கு வேனுக்கு மாற்றினார்கள். பஸ்ஸை விட்டதில் அவருக்கு வருத்தம் இருந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை. முத்துச்செல்வி தந்தையிடம் தானே வாதாடி, மூன்று மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். இப்போது ஒரு உற்பத்தி லைனைப் பொறுப்பேற்று நடத்துகிறார்.

பெண்ணுக்கு ஆண் துணை நிற்பது இந்தக் காலத்துக்குப் பொருந்துமா என்று எங்கள் குடும்பத்து இளையவர்கள் விவாதிப்பதுண்டு. அண்ணன் துணை நிற்பதைக் கைவிடவில்லை. கேட்டுவிட்டு நின்றார். அண்ணிக்குப் பதவி உயர்வு வந்து ஓசூரில் ஆறு வாரம் பயிற்சி என்றபோது, "கொண்டாந்து வுடட்டா?" என்று கேட்டார். "வேணாம், பஸ்ல போறேன்," என்றார் அண்ணி. அண்ணனின் முகம் சற்று வாடியது. ஆனால் மறுபடி கேட்கவில்லை. அந்த ஆறு வாரமும் வீட்டுச் சமையல் அவருடையது. குழம்பு சுமாராகத்தான் இருந்தது.

கடைசி ஒன்றரை ஆண்டு சிறுநீரகம் செயலிழந்து அவதிப்பட்டார். காஞ்சிபுரத்துக்கு வாரம் இருமுறை ரத்தச் சுத்திகரிப்புக்கு அண்ணிதான் அழைத்துச் சென்றார். படியில் அண்ணி கை நீட்டினால் தயங்காமல் பிடித்துக்கொள்வார். ஒரு பிற்பகலில், மருத்துவமனையிலேயே, அமைதியாக அடங்கினார்.

சிகிச்சைக் காலத்தில் உடனிருந்த செவிலியர்களுக்கும், முறை வைத்து வண்டி ஓட்டிய அண்ணனின் நண்பர்களுக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டில் அடுப்பெரிய விடாமல் சோறு கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், விடுப்பெடுத்து வந்து நின்ற முத்துச்செல்விக்கும் எங்கள் நன்றி.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். இறுதி ஊர்வலம் தெருமுனைக்கு வந்ததும் வழக்கப்படி பெண்கள் நின்றுவிட்டோம். அண்ணி மட்டும் நிற்கவில்லை. எங்கள் சித்தப்பா, "பொம்பளைங்க அதுக்கு மேல வரக்கூடாதும்மா," என்றார்.

"நான் வரேன் மாமா," என்றார் அண்ணி.

சித்தப்பா முன்னால் நின்ற ஆண்களிடம் திரும்பி, "வழி வுடுங்கப்பா," என்றார். தானும் ஒதுங்கி நின்றார்.