ரோட்டைப் பார்த்து ஒரு குளிர் நூடுல்ஸ்

ஆம்பூர்க்காரர்களுக்குப் பிரியாணி என்றால் வாசனை ஞாபகம் வரும் என்பார்கள். எனக்கு பிளைவுட் சுவர்தான் ஞாபகம் வரும். எந்த ஹோட்டலுக்குள் நுழைந்தாலும், என்னையும் அம்மாவையும் பார்த்ததுமே கல்லாவில் இருப்பவர் விரலைப் பின்பக்கம் நீட்டிவிடுவார். பிளைவுட் அடித்துத் தடுத்த ஃபேமிலி ரூம். ஜன்னல் கிடையாது, திரைச்சீலை உண்டு. முன்னால் உட்கார்ந்து ரோட்டை வேடிக்கை பார்த்தபடி சாப்பிடுவது ஆண்களுக்கு.

போன சித்திரையில் எங்கள் தெருமுனையில் ஒரு ஜப்பான் நூடுல்ஸ் கடை திறந்தது. ஜப்பானில் சமையல் வேலை பார்த்துத் திரும்பிய நாட்றம்பள்ளிக்காரர் ஒருவர், ஷூ கம்பெனிகளுக்கு வந்துபோகும் ஜப்பான்காரர்களை நம்பிப் போட்ட கடை. கண்ணாடியை ஒட்டி நீளமாக ஒரு பலகை, உயரமான ஸ்டூல்கள். பார்த்த அன்றே முடிவு செய்துவிட்டேன், நான் சாப்பிட்டால் அங்கேதான்.

துணைக்கு அண்ணனை அனுப்பினாள் அம்மா.

“மேடம், உள்ள ஃபேமிலி ரூம் இருக்குது” என்றார் கடைக்காரர். ஜப்பான் கடையிலுமா!

“இங்கயே இருக்கட்டும்” என்று ஸ்டூலில் ஏறிவிட்டேன்.

ரெண்டு பேருக்கும் சொபா என்ற குளிர் நூடுல்ஸ் வந்தது. மூங்கில் தட்டில் பழுப்பு நிற நூடுல்ஸ், மேலே ஐஸ் துண்டுகள், பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் கறுப்பாக ஒரு சாறு.

“இன்னா இது, ஆறிப்போனத குடுக்குறாங்க? வீட்ல குடுத்தா தட்டைத் தூக்கி எறிவ” என்றான் அண்ணன்.

“கத்திரி வெயில்ல உனக்குச் சுடச்சுட பிரியாணியும் தால்சாவும் வேணுமா?”

எப்படிச் சாப்பிடுவது என்று வீடியோவில் பார்த்து வைத்திருந்தேன். ஆனால் கைக்குத் தெரிய வேண்டாமா? சோற்றில் ரசம் ஊற்றிப் பழகிய கை, கிண்ணத்தை எடுத்து அப்படியே நூடுல்ஸ் மேல் கவிழ்த்துவிட்டது. மூங்கில் தட்டில் இடுக்கு இடுக்காக ஓட்டை. சாறு பலகையில் ஓடி என் சுடிதாரில் சொட்டியது. வெளியே பைக்கில் உட்கார்ந்திருந்த ரெண்டு பேர் சிரித்தார்கள்.

கடைக்காரர் துணியோடு ஓடிவந்தார். “உள்ள வந்துடுங்க மேடம். ரோட்ல எல்லாரும் பாக்குறாங்க.”

“எழுந்திரு, மானம் போவுது” என்று அண்ணன் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

“நான் வர்லண்ணா. வெக்கமா இருந்தா நீ போ.”

போய்ட்டான்! தட்டோடு, கிண்ணத்தோடு, திரைச்சீலைக்குப் பின்னால்.

கடைக்காரரிடம் வேறு சாறு கேட்டேன். இந்த முறை நூடுல்ஸைக் கொஞ்சம் எடுத்து, நுனியை மட்டும் முக்கி, சத்தமாக உறிஞ்சினேன். அப்படித்தான் சாப்பிட வேண்டுமாம். பாயசத்தை உறிஞ்சியதற்கு அம்மாவிடம் வாங்கிய குட்டுகளுக்கெல்லாம் சேர்த்து உறிஞ்சினேன். ஜில்லென்று தொண்டையில் இறங்கியது. உப்பும் மீன் வாசனையும். ஒன்றும் பெரிய ருசி இல்லை, உண்மையைச் சொன்னால். ஆனால் பைக்கில் இருந்தவர்களை நேராகப் பார்த்துக்கொண்டே உறிஞ்சினேன். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டது அவர்கள்தான்.

அப்போது ஒரு குடும்பம் உள்ளே வந்தது. பர்தா போட்ட ரெண்டு அம்மாக்கள், ஒரு குழந்தை. கடைக்காரர் அவர்களைப் பின்பக்கம் கூட்டிப்போன வேகத்தில் திரும்பிவந்தார். பின்னாலேயே தட்டையும் கிண்ணத்தையும் பிடித்தபடி அண்ணன்.

“லேடீஸ் வந்துருக்காங்க சார், தனி ஆம்பள அங்க உக்காரக் கூடாது. தப்பா நெனச்சுக்காதீங்க.”

அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றான். “நகரு. பைக் நிக்கிற ஓரத்துல நான் உக்காந்துக்குறேன், உன்னை யாரும் பாக்க மாட்டாங்க.”

“இது என் எடம். அந்தப் பக்கம் ஸ்டூல் காலியாத்தான் இருக்குது.”

முறைத்தான். அப்புறம் ஏறி உட்கார்ந்து, கிண்ணத்தை எடுத்து, அவனும் ரசம் ஊற்றும் பழக்கத்தில் நூடுல்ஸ் மேல் கவிழ்க்கப் போனான். நான் தடுக்கவில்லை.