பன்றி மருந்தும் ஐஸ்கட்டியும்

லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அத்தை குடியிருந்தாள். கணவரை இழந்தவள், ஒரு வெள்ளைப் பெண் பன்றியை வைத்துத்தான் பிழைப்பு ஓடியது. அது குட்டி போட்டு வெகுநாள் ஆகியிருந்தது. இந்த முறையும் சினை பிடிக்காவிட்டால் கசாப்புக்காரரிடம் கொடுக்க வேண்டியதுதான் என்று புலம்பிக்கொண்டே இருந்தாள். அக்கம்பக்கத்தில் ஆண் பன்றி வைத்திருந்த ஒரே ஆளோடு அவளுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

சித்தப்பா அரசாங்கப் பன்றிப் பண்ணையில் வேலை பார்த்தார். அங்கே ஆண் பன்றியின் விந்தை எடுத்து வைத்து, குழாய் வழியாகப் பெண் பன்றிக்குச் செலுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். டாக்டரிடம் கெஞ்சி ஒரு சின்ன பாட்டில் வாங்கி வந்தார். பிள்ளைகளான எங்களுக்கு அது வெறும் பன்றி மருந்து. எங்கள் தண்ணீர்ப் பானைக்கு அடியிலிருந்த ஈர மணலில் அதைப் புதைத்துவிட்டு, "காலைல வரேன் அண்ணி. குளிர்ச்சியாவே இருக்கட்டும்" என்று சொல்லிப் போனார்.

அம்மாவுக்கு ஈர மணலில் நம்பிக்கை வரவில்லை. மாட்டு டாக்டர் காளை மருந்தை ஐஸ் போட்ட ஃபிளாஸ்கில் கொண்டுவருவதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். நாத்தனார் பிழைப்பாயிற்றே என்று கடைக்கு ஆள் அனுப்பி, மரத்தூள் ஒட்டிய ஐஸ்கட்டி வாங்கி, பாட்டிலை அதற்குள் வைத்தாள். எனக்கும் ஒரு துண்டு கிடைத்தது.

காலையில் பாட்டிலைத் தொட்டதும் சித்தப்பா கையை இழுத்துக்கொண்டார். "மாட்டுக்குத்தான் அண்ணி ஐஸ். பன்னியோடது இவ்ளோ குளிர் தாங்காது, செத்துடும்" என்றார் மெதுவாக. அம்மா பாட்டிலை ஐஸிலிருந்து எடுத்து முந்தானையில் துடைத்தாள். வெயிலில் பால் கெடும், மீன் கெடும். குளிரில் ஒரு பொருள் எப்படிக் கெடும் என்று எனக்குத் தலை சுற்றியது. அதற்குள் அத்தை கொல்லையிலிருந்து, "தம்பி, பன்னி பருவத்துக்கு வந்து அசையாம நிக்குது, சீக்கிரம் வாடா!" என்று கூப்பிட்டாள்.

"அக்காகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க அண்ணி" என்று சொல்லிவிட்டு, சித்தப்பா செத்துப்போன அந்த மருந்தோடு போனார்.

சில வாரங்களில் பன்றிக்குச் சினை பிடிக்கவில்லை என்று தெரிந்துவிட்டது. டாக்டர் இன்னொரு பாட்டில் தர மறுத்துவிட்டார். அத்தை எங்கள் வாசலில் நின்று சித்தப்பாவைப் பார்த்து, "கவர்மெண்ட் மருந்தாம்! உன்ன நம்பினேனே, என் பொழப்புல மண்ணப் போட்டியேடா!" என்று கத்தினாள். அம்மா வாயைத் திறந்தாள். சித்தப்பா முந்திக்கொண்டு, "பண்ணையிலயே மருந்து சரியில்லக்கா. நாந்தான் பாக்காம எடுத்தாந்துட்டேன்" என்றார். பன்றி கசாப்புக்குப் போயிற்று.

கிறிஸ்துமஸ் அன்று எல்லோரும் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டோம். அத்தை சித்தப்பாவின் பக்கமே திரும்பவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "கூடப் பொறந்தவன் கவுத்துட்டான். நீயாவது எனக்கு இருக்கியே" என்றாள். அம்மா கையை விடுவித்துக்கொண்டு பரிமாற வந்தாள். சின்னப் பொய்க்கே என் தொடையில் கிள்ளுகிறவள், அவ்வளவு பெரிய பொய் சொன்ன சித்தப்பாவின் தட்டில் நல்ல துண்டுகளாகப் பார்த்துப் பார்த்து வைத்தாள், வைக்கும்போதே அழுதாள். இது என்ன நியாயம் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.