நாங்கள் கேட்ட மழையும் கவுண்டர் வீட்டுக் கொப்பரையும்

என் கூடப் பிறக்காத அண்ணன் தம்பிகளுக்கும் அக்கா தங்கைகளுக்கும் ஆம்பூரிலிருந்து எஸ்தர் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுகிறேன்.

மழை வேண்டும் என்று கேட்டது நாங்கள்தான். அந்த மழையே என் தாலியை அறுக்கப் பார்த்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

சுதந்திரம் வந்து சில வருஷம் கழித்து, ஒரு ஐப்பசி மாதம். எங்கள் சபையிலிருந்து சின்னக் கூட்டமாகக் கிராம ஊழியத்துக்குப் போனோம். உபதேசியார், அவர் சம்சாரம், பாட்டுப் பாட இரண்டு பெண்கள், சமையலுக்கு நான், மாட்டு வண்டி ஓட்ட என் வீட்டுக்காரர் தேவசகாயம். அவர் தோல் மண்டியில் ஈரத் தோல் தூக்குகிறவர். ஈரத் தோல் என்ன கனம் கனக்கும் என்று தூக்கினவர்களுக்குத்தான் தெரியும். தூக்கித் தூக்கியே அவருக்குக் குடலிறக்கம் வந்திருந்தது. ஆபரேஷன் செய்துகொள்ளச் சொன்னால், "அதெல்லாம் படுத்தா தானா உள்ள போய்டுது, நீ சும்மா இரு" என்பார். பிடிவாதத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது, என்னைத் தவிர.

நாங்கள் போன ஊர் ஆலங்காயத்தைத் தாண்டி மலையடிவாரத்தில் இருந்தது. ஊருக்கு முன்னால் ஒரு காட்டாறு. போகும்போது அதில் வெறும் மணல்தான். மழை பொய்த்து, கிணறெல்லாம் வற்றி, கரும்பு சருகாகிக்கொண்டிருந்தது. முனுசாமி கவுண்டர் என்கிற விவசாயி தன் களத்தில் எங்களைத் தங்கவிட்டார். நல்ல மனுஷர்தான். ஆனாலும் நாங்கள் இன்ன ஜாதியிலிருந்து வந்த கிறிஸ்தவர்கள், தோலில் கை வைக்கிறவர்கள் என்று ஊருக்கே தெரியும். குடிக்கத் தண்ணீர் கேட்டால் சொம்பை உயரத் தூக்கி எங்கள் கையில் ஊற்றுவார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். உபதேசியார் ஒரு பார்வை பார்ப்பார். அடக்கிக்கொள்வேன்.

கடைசி நாள் காலையில் ஸ்தோத்திர ஜெபம் செய்து, எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டுக் கிளம்புவதாக ஏற்பாடு. நாங்கள் ஜெபத்துக்கு உட்காரும்போது கவுண்டர் வந்து சற்றுத் தள்ளி நின்றார்.

"இன்னாங்க உபதேசியாரே, எல்லாருக்கும் ஜெபம் பண்றீங்க. எங்க கரும்புக்கும் ஒண்ணு பண்ணக் கூடாதா?"

உபதேசியார் உடனே முழங்காலில் நின்று மழைக்காக ஜெபித்தார். ஐயோ, இவர் ஆண்டவரை இப்படி மாட்டிவிடுகிறாரே, மழை வராவிட்டால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று நினைத்தேன். ஆனாலும் ஆமென் மட்டும் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னேன்.

உச்சிவேளைக்கு முன்பே மலை கறுத்துவிட்டது. பிறகு பெய்தது பாருங்கள், அப்படி ஒரு மழை! ஊரே தெருவில் நின்று நனைந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். நாங்களும் ஜெபத்தைப் பாதியில் விட்டு ஈரத்தோடு பாடினோம். அந்த சந்தோஷத்தில்தான், சேற்றில் இறங்கிவிட்ட வண்டிச் சக்கரத்துக்கு என் வீட்டுக்காரர் தோள் கொடுத்து நெம்பினார். "அம்மா" என்று ஒரே சத்தம். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

இறங்கிய குடல் உள்ளே போகவில்லை. கல்லாக இறுகிவிட்டது. வாந்தி நிற்கவில்லை. உபதேசியார் சம்சாரம் முன்பு ஆஸ்பத்திரியில் ஆயாவாக வேலை பார்த்தவர். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு, "குடல் சிக்கிக்கிச்சி எஸ்தரு. இன்னிக்கே கத்தி வச்சாகணும்" என்றார். ஆஸ்பத்திரி வேலூரில் இருந்தது. நான் ஆற்றங்கரைக்கு ஓடினேன். காலையில் மணலாகக் கிடந்த ஆறு இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் செந்தண்ணீராகப் போய்க்கொண்டிருந்தது.

திரும்பி வந்து களத்துக் கொட்டகையில் அவர் பக்கத்தில் விழுந்தேன். ஆண்டவரே, மழையை நிறுத்தும் என்று கேட்க வாயைத் திறந்தேன். வெளியே குலவைச் சத்தம் கேட்டது. வாய் அப்படியே நின்றுவிட்டது. காலையில் ஆமென் சொன்ன அதே வாய் அல்லவா? அந்தப் பெண்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கஞ்சி அந்த மழைதானே? நிறுத்தச் சொன்னால் அவர்கள் சோற்றைப் பிடுங்கினமாதிரி. சொல்லாவிட்டால் என் புருஷன் போய்விடுவார். தலையில் அடித்துக்கொண்டு அழுதேன்.

கடைசியில் இவ்வளவுதான் சொன்னேன்: "மழையை நிறுத்தாதீங்க அப்பா. அது அவங்களுக்குக் குடுத்தது. எனக்கு வேற வழி காட்டுங்க. எந்த வழின்னு எனக்குத் தெரியல."

அப்போது முனுசாமி கவுண்டர் சொட்டச் சொட்ட நனைந்து உள்ளே வந்தார். "இன்னாம்மா ஆச்சு?" என்றார். சொன்னோம். என் வீட்டுக்காரரைக் குனிந்து பார்த்தார். வெளியே போய் ஆட்களைக் கூப்பிட்டார்.

"டேய், ஆலையில கவுத்து வச்ச கொப்பரைய உருட்டிக்கினு வாங்கடா!"

கொப்பரை என்றால் கரும்புச்சாறு காய்ச்சி வெல்லம் எடுக்கிற பெரிய இரும்புப் பாத்திரம். ஒரு ஆள் படுக்கலாம், இன்னொருவர் உட்காரலாம். அதைத் தோணியாக்கப் போகிறார் என்று புரிந்ததும் அவர் தம்பி கையைப் பிடித்தார். "அண்ணே, சாமிக்கு வைக்கிற வெல்லம் அதுலதான் காய்ச்சறோம். இவங்களைப் போயி அதுல..."

"தேய்ச்சா கொப்பரை சுத்தமாய்டும். சாமி கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். நீ அந்தப் பக்கம் புடி."

கவுண்டரே என் வீட்டுக்காரரின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். நான் கொப்பரைக்குள் உட்கார்ந்து அவர் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். கரையிலிருந்த புளியமரத்தில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் கொப்பரையில் கட்டி, ஆட்கள் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நீந்தினார்கள். கொப்பரை சுற்றியது. மனப்பாடமாகத் தெரிந்த வேதாகமச் சங்கீதம் ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. "இயேசப்பா, இயேசப்பா" என்று கத்தினேன். தாடை வரைக்கும் தண்ணீரில் இருந்த கவுண்டர் என்னை அதட்டினார்:

"ஏம்மா, ஆடாத! கவுந்துச்சின்னா உன் ஏசப்பா என்னைத்தான் கேப்பாரு."

அந்த நேரத்திலும் என் வீட்டுக்காரர் சிரித்தார்.

அக்கரையில் ஒரு லாரி நின்றது. தோல் பதனிடும் ஆவாரம்பட்டை ஏற்ற மலைக்குப் போகிற காலி லாரி. ஓட்டி வந்தவர் எங்கள் ஊர் காதர் பாய். ஆறு மறித்ததால் போக முடியாமல், "பேஜாரா போச்சு" என்று புலம்பிக்கொண்டிருந்தார். மழை இல்லாவிட்டால் அவர் எப்போதோ மலையேறிப் போயிருப்பார். எங்களை மறித்த வெள்ளம்தான் எங்களுக்காக லாரியையும் நிறுத்தி வைத்திருந்தது. "சீக்கிரம் ஏத்துங்க, அல்லா இருக்காரு" என்று வண்டியைத் திருப்பினார்.

அன்று சாயங்காலமே ஆபரேஷன் நடந்தது. எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். கொப்பரையில் என்றேன். இன்னொரு தடவை கேட்டார். இன்னொரு தடவை சொன்னேன்.

மறுநாள் காதர் பாய் திரும்ப அந்த ஆற்றங்கரைக்குப் போயிருக்கிறார். தண்ணீர் இன்னும் வடியவில்லை. எங்கள் கூட்டத்தார் அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டிருந்தார்கள். "பொழைச்சிக்கிட்டாரு! தேவசகாயம் பொழைச்சிக்கிட்டாரு!" என்று இக்கரையிலிருந்து கத்தினாராம். கவுண்டர் சேற்றில் உட்கார்ந்து அழுதுவிட்டாராம். நடுவில் நின்றுபோன ஸ்தோத்திர ஜெபத்தை அன்று ஊரோடு சேர்ந்து செய்தார்கள். கவுண்டர் வீட்டம்மா எல்லோருக்கும் சமைத்தார். வெளியே மழை, இருந்தது ஒரே கொட்டகை, தள்ளி உட்கார இடமில்லை. எல்லோரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு சாப்பிட்டார்களாம். இதையெல்லாம் உபதேசியார் சம்சாரம் சொல்லக் கேட்டு நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழுதேன். அன்று சாப்பிடாத எனக்கும் வயிறு நிறைந்தது.

என் வீட்டுக்காரர் இப்போது மண்டியில் வாட்ச்மேன். தோல் தூக்குவதில்லை. கவுண்டர் ஆண்டவரை ஏற்றுக்கொண்டாரா என்று சபையில் கேட்கிறார்கள். இல்லை. வருஷா வருஷம் சோளிங்கர் மலைக் கோயிலுக்குத்தான் போகிறார். எங்கள் வீட்டு ஜெபத்தில் என் பிள்ளைகள் பேருக்கு முன்னால் அவர் பேரைச் சொல்கிறேன்.

நெருக்கத்தில் இருக்கிறவர்களே, தயங்காமல் ஆண்டவரிடம் கேளுங்கள். அவர் கேட்கிறார். ஆனால் யார் கையால் அனுப்புவார் என்பதை நீங்களே தீர்மானித்து வைக்காதீர்கள். அன்று கவுண்டர் கொட்டகைக்குள் வந்தபோது, சாவு தன் களத்தில் விழ வேண்டாம், வெளியே தூக்கிப் போங்கள் என்று சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன். ஆண்டவர் அனுப்பித்தான் வந்திருந்தார்.