பழுப்பு வேகனின் எண்

என் மனைவி டிராயிங் ஆபீஸில் டிரேசராக இருந்தாள். மைன்ஸ் வரைபடங்களை மெல்லிய தாளில் மையால் நகலெடுக்கும் வேலை. நான் கன்வேயர் பராமரிப்பில். விடுமுறை நாட்களில் பிளாஸ்டிக் தகட்டை வெட்டி, ஒரு சாணுக்குள் அடங்கும் ரயில் வேகன்கள் செய்வேன். பெயின்ட் என் பொறுப்பு, எழுத்து அவள் பொறுப்பு.

வேகன் மேல் எழுத்தை நேராக எழுத முடியாது. டெக்கால் தாளில் எழுதித் தண்ணீரில் ஊறவைத்தால், கண்ணாடி போன்ற படலத்தோடு எழுத்து வழுகி வரும். அதை வேகன் மேல் இறக்கி ஒற்ற வேண்டும். வெற்றுத் தாளை வெளிநாட்டிலிருந்த ஒரு நண்பர் கொண்டுவந்து தருவார். வரைபடங்களில் கோடு இழுக்கும் ரூலிங் பேனாவில் அவள் வெள்ளை பெயின்டைத் தொட்டு, வண்டி எண், எடை, பழுது பார்த்த தேதி எல்லாம் எழுதுவாள். எழுத்து அரிசியில் பாதி உயரம் இருக்கும். இரண்டு நாள் காய்ந்தபின் நான் மேட் பூச்சு அடிப்பேன். பளபளப்பு போய் நிஜ வேகனின் மங்கல் வரும், படலத்தின் விளிம்பும் மறைந்துவிடும். அவள் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுவாள். விளிம்பு தட்டினால் எனக்கு மார்க் குறையும். பத்துக்கு ஏழுக்கு மேல் அவள் போட்டதே இல்லை.

சர்க்கரை அவள் வலது கண்ணை முதலில் எடுத்துக்கொண்டது. இடது கண்ணுக்கு ஆபரேஷன் செய்யப் புதுச்சேரிக்கு வரச் சொன்னார்கள். போவதற்கு முந்தின வாரம் லென்ஸ் வைத்துக்கொண்டு ஒரு பழுப்பு வேகனுக்கான எழுத்துகளை எழுதி முடித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு எப்படி இருக்குமோ, முடிந்த வண்டியை அதற்குமுன் அவளுக்குக் காட்டிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை ஒட்டினேன். திங்கட்கிழமை கிளம்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மழை. நிலக்கரித் தூசு படியாத இடம் என்பதால் எப்போதும் பாத்ரூமில்தான் பூச்சு அடிப்பேன். கலப்பதற்கு டர்பன்டைன் இல்லை, மந்தாரக்குப்பத்தில் கடையும் திறந்திருக்கவில்லை. ஸ்பிரே துப்பாக்கியைக் கழுவுவதற்கென்று வைத்திருந்த தின்னரைக் கொஞ்சம் சேர்த்தேன். அது பெயின்டைக் கரைக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கொஞ்சம்தானே என்று விட்டேன். இரண்டு பக்கமும் அடித்து முடித்துப் பார்க்கையில் எழுத்துகள் உப்பி, பால் திரிந்த மாதிரி கீழே வழிந்துகொண்டிருந்தன.

ஹாலில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவள், முடிந்ததா என்று கேட்டாள். காய்கிறது என்றேன்.

ஐந்தாம் நாள் கண்ணில் கட்டோடு திரும்பினோம். அவள் மதியம் தூங்கியபோது கறையைத் துடைத்து, வேகனுக்கு மறுபடி பழுப்பு அடித்து, முறைப்படி கலந்த மேட்டும் பூசினேன். மறுநாள் மாலை அவளே வேகனைக் கேட்டாள். மடியில் வைத்து, ஒற்றை விரலால் பக்கவாட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவினாள். திரும்பவும் தடவினாள்.

"விளிம்பே தட்டலைங்க. இவ்வளவு நாள் என்ன வேலை செஞ்சிகினு இருந்தீங்க? பத்துக்குப் பத்து."

பிறகு எண்ணைப் படிக்கச் சொன்னாள். வெறும் பழுப்பைப் பார்த்துக்கொண்டு, மனப்பாடமாய் இருந்த எண்ணைச் சொன்னேன்.

"அந்த அஞ்சு கொஞ்சம் கோணலாப் போச்சில்ல?"

இல்லை, நேராகத்தான் இருக்கிறது என்றேன்.

கட்டு அவிழ்த்தபின் ஓரளவு தெரிந்தது, முக்கியமாகக் காலை வெளிச்சத்தில். கண்ணில் என்ன மாற்றம் என்று தினமும் குறித்துவைக்க டாக்டர் சொல்லியிருந்ததால் டைரியில் எழுதிவந்தேன். வேகனை அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். கை பட்டால் மேட் பளபளத்துவிடும், எடுக்காதே என்றேன். அவளும் எடுக்கவில்லை. கடைசி வண்டி சுத்தமாக முடிந்துவிட்டது, இதோடு போதும் என்று ரூலிங் பேனாவைக் கழுவித் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். அதே அலமாரியில் எழுதாத டெக்கால் தாள் ஒன்று மிச்சம் இருந்தது. வருகிறவர்களிடமெல்லாம் அந்த வண்டியைப் பற்றிச் சொன்னாள். நான் பேச்சை மாற்றுவேன்.

கட்டு அவிழ்த்த மூன்றாம் மாதம் இடது கண்ணும் போய்விட்டது. இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார்கள்.

அடுத்த வாரம் மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து அவள் தங்கை வந்தாள். நான் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது வேகன் தங்கையின் கையில் இருந்தது. எண்ணைப் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள் என் மனைவி.

"இதுல ஒண்ணும் எழுதலையேக்கா. ரெண்டு பக்கமும் வெறுமனே இருக்கு. மாமா வேற எதையோ எடுத்து வச்சிட்டாரா?"

என் மனைவி வாசல் பக்கம் முகத்தைத் திருப்பினாள். என் செருப்புச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும்.

"நான் தடவிப் பார்த்தப்பவே இல்லையா?"

"இல்ல," என்றேன். தின்னரைப் பற்றிச் சொன்னேன். நீ மனசு உடைந்துவிடுவாய் என்றுதான் சொல்லவில்லை என்றேன்.

 அவளிடம் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை.

"அப்பவே சொல்லியிருந்தா இன்னொரு தாள் எழுதியிருப்பேங்க. அப்ப எனக்குக் கண்ணு தெரிஞ்சுது."

தங்கை வேகனை மேசையில் வைத்துவிட்டு, காபி போடுவதாகச் சொல்லி உள்ளே போனாள்.

அன்று மாலை டைரியைப் புரட்டினேன். கட்டு அவிழ்த்ததிலிருந்து எழுபத்தெட்டுக் காலைகள். காலண்டர் தேதி தெரிகிறது. அரிசியில் கல் பொறுக்கினாள். லென்ஸ் வைத்துப் பேப்பரில் தலைப்பு படித்தாள். முப்பத்தோராம் நாள் பக்கத்தில், என் கையெழுத்தில் இருந்தது: ஊசியில் தானே நூல் கோத்தாள், ஒரே முயற்சியில்.